இடது பக்கத்து அழுக்கு

நான் அந்த எஞ்சின் கிட்டக் குனிஞ்சு நின்னதை நீங்க பாத்துட்டிருந்தீங்க. எதையோ தொலைச்சுட்டுத் தேடறான்னு நெனச்சுத்தானே எந்திரிச்சு வந்து கேட்டீங்க? ஒண்ணும் தொலைக்கலீங்க. அதோட அழுக்கைப் பாத்துட்டிருந்தேன். எண்ணெய் எதுவரைக்கும் வழிஞ்சிருக்கு, புகைக்கரி எங்க படிஞ்சிருக்கு, மழைத்தண்ணி எந்தப் பக்கமா இறங்கியிருக்கு, இதெல்லாம். சிரிக்கறீங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாடின்னா நானும் சிரிச்சிருப்பேன். உங்க வண்டி இன்னும் முக்கால் மணி நேரம் லேட்டுன்னு சொல்லிட்டாங்க. உக்காருங்க, சொல்றேன்.

என் பேரு கனகசபாபதி. இந்தப் போத்தனூர்லயேதான் வீடு. மில் மெசின் செய்யற ஒரு கம்பெனியில முப்பத்தி நாலு வருசம் டிராயிங் ஆபீஸ்ல இருந்தேன். நான் போட்ட கோடு கையில போட்ட மாதிரி இருக்காது, அச்சடிச்ச மாதிரி இருக்கும். நானே சொல்லிக்கறதில்லீங்க, எங்க மேனேஜர் சொன்னது. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் கை சும்மா இருக்க மாட்டேன்னுடுச்சு. சின்ன ரயில் செய்ய ஆரம்பிச்சேன். பொம்மைன்னு நெனச்சுக்காதீங்க. நிஜ எஞ்சின்ல எண்பத்தேழுல ஒரு பங்கு அளவு. ஒரு சாண் நீளம் இருக்கும். உள்ள மோட்டார் இருக்கு. தண்டவாளத்துல கரண்ட் குடுத்தா ஓடும். மாடி ரூம் பூராவும் அதுதான். பதினோரு எஞ்சின் வச்சிருக்கேன். பதினொண்ணும் கண்ணாடி மாதிரி மின்னும். முகம் பாத்துத் தலை சீவலாம்.

நான் சொல்லப்போறதுக்கு எங்க வீட்டுல, மயிலாத்தா, எம் சம்சாரம், பொறாமைன்னு பேரு வச்சிருக்கா. பொறாமை இல்லீங்க. நடந்ததைச் சொல்றேன், நீங்களே பாத்துக்குங்க.

ஞானதிரவியம்னு எனக்கு ஒரு சிநேகிதர். நாசரேத் பக்கத்துக்காரர். முப்பது வருசம் டீசல் எஞ்சின் ஓட்டினவர். இப்ப லோகோ பைலட்டுன்னு சொல்றாங்க, அவரு தன்னை ட்ரைவர்னுதான் சொல்லிக்குவாரு. எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. சம்சாரம் எஸ்தர் தவறி ஏழெட்டு வருசம் ஆச்சு. ஒரே மக, அவ துபாய்ல. தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க வீட்டுக்கு வருவாரு. மயிலாத்தா டீ குடுப்பா. மாடிக்குப் போவோம். பதினோரு வருசம், ஒரு நாள் தவறினதில்லை. நான் பேசுவேன், அவரு கேட்டுட்டிருப்பாரு. அந்த மாதிரிக் கேக்கற மனுசனை நீங்க பாத்திருக்க முடியாது. குறுக்க ஒரு வார்த்தை பேச மாட்டாரு. எஞ்சினைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவருக்குச் சொல்லியிருக்கேன்.

ஆமாங்க, ட்ரைவருக்குத்தான். அதனால என்ன? ஓட்டறவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு இல்லையே. எந்த வருசம் எந்த மாடல் வந்துச்சு, எத்தனை குதிரை சக்தி, இதெல்லாம் நான் புஸ்தகம் பாத்து வச்சிருக்கேன்.

போன வருசத்துக்கு முந்தின வருசம் ஆடி மாசம். அவருக்குக் கீழ்வரிசையில முன்பல் மூணு போயிடுச்சு. பல் டாக்டர் கிட்டப் போனாரு. டாக்டர் அளவு எடுத்து, பல் செய்யற ஆளுகிட்ட அனுப்பினாரு. மார்க்கெட் பின்னாடி சந்துல ஒரு சின்ன கடை. ஹபீபுல்லான்னு பேரு. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். பொய்ப்பல் செய்யறதுதான் தொழில். கலர் பாக்கணும், நேர்ல வாங்கன்னு இவரைக் கூப்பிட்டிருக்காரு.

ஒரு வாரம் கழிச்சு, என்னங்க திரவியம் இன்னும் பல்லு வரலியான்னு நான் கேட்டேன். சிரிச்சாரு. வாயிலேயே இருக்கு. எனக்குத் தெரியலை. எது சொந்தப் பல், எது வச்ச பல்லுன்னு கண்டுபிடிக்க முடியலீங்க. எழுபத்திரெண்டு வருசம் டீ குடிச்ச பல்லு எப்படி இருக்குமோ அப்படி, ஓரத்துல லேசாப் பழுப்பு, நடுவுல ஒரு மயிர்க்கோடு. எல்லாம் அந்த பாய் பிரஷ் வச்சுப் போட்டிருக்காரு. பக்கத்துப் பல்லெல்லாம் பழசா இருக்கறப்ப இது மட்டும் புதுசா இருந்தா பொய்யாத் தெரியும்னாராம். அழுக்குக்கும் சேத்துக் காசு குடுத்தீங்களான்னு கேட்டேன். நான் சொல்றதுக்கு எப்பவும் சிரிக்கற மனுசன், அன்னைக்கு சிரிக்கலை.

அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த பாயைக் கூட்டிட்டு எங்க வீட்டுக்கே வந்துட்டாரு. வந்தவரு செருப்பை வாசல்லயே ஒழுங்கா ஒதுக்கி வச்சுட்டு மேல வந்தாரு. மெதுவான ஆளு, குரலே வராது. பதினோரு எஞ்சினையும் ஒவ்வொண்ணா, கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுப் பாத்தாரு. அரைமணி நேரம். கடைசியா, “ரொம்பச் சுத்தமா இருக்கு சார்”னாரு. அன்னைக்கு அதைப் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டு ரெண்டாவது டீ குடுக்கச் சொன்னேன்.

தானும் ஒண்ணு செஞ்சு பாக்கலாமான்னு கேட்டாரு. என்கிட்ட கெட்டுப்போன எஞ்சின் உடம்பு ஒண்ணு கிடந்துச்சு. இந்த மூஞ்சி நீளமா, ட்ரைவர் ரூம் ஒரு ஓரமா இருக்குமே, அந்தப் பழைய டீசல். சன்னலை வெட்டறப்ப பிளேடு சறுக்கி ஓட்டை பெருசாயிடுச்சு. பெயிண்டும் தடிமனாப் போய்த் தோல் மாதிரி ஆயிடுச்சு. மோட்டார் மட்டும் நல்லா இருந்துச்சு. எடுத்துக்குங்கன்னு சும்மாவே குடுத்தேன். இதை மட்டும் நீங்க மறந்துடக் கூடாது. நான் குடுத்ததுதான் அது.

அப்புறம் திரவியம் அஞ்சு மணிக்கு வர்றது அஞ்சரை ஆச்சு. அஞ்சரை ஆறாச்சு. வந்தா பாய் அதைப் பண்ணினாரு, பாய் இதைப் பண்ணினாருன்னு சொல்லுவாரு. உடம்பை பிரேக் ஆயில்ல ஊறவச்சு, நான் அடிச்ச பெயிண்டை எல்லாம் பல் பிரஷ் வச்சே சுரண்டி எடுத்துட்டாராம். நான் கெடுத்த சன்னலைப் பொய்ப்பல் செய்யற மாவைக் கரைச்சு அடைச்சு, புதுசா அறுத்துட்டாராம். கைப்பிடிக் கம்பிக்கு, பிள்ளைங்களுக்குப் பல்லு நேராக்கப் போடுவாங்களே, அந்தக் கம்பி. ஓட்டை போடறதுக்குப் பல்லைக் குடையற மெசின். எனக்கு ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு மணி நேரம் ஆகுங்க. அவரு நாப்பது ஓட்டையை ஒரு மதியத்துல போட்டுட்டாரு. அந்த மெசின் இருந்தா யாரு வேணாலும் போடலாம்.

ஒரு நாள் வந்தவரு, டீ வேண்டாம்னுட்டாரு. பாய் கடையிலேயே குடிச்சாச்சாம். மயிலாத்தா டம்ளரை அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போனா. பதினோரு வருசத்துல மொதத் தடவை.  அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கலை.

நான் அந்தச் சந்துப் பக்கம் போனது கறிவேப்பிலை வாங்க. மார்க்கெட்டுக்கு அந்த வழியாவும் போகலாம். கடை கதவு திறந்திருந்துச்சு. மேசை மேல வரிசையா மாவுல செஞ்ச தாடை, நடுவுல அந்த எஞ்சின். திரவியம் பேசிட்டிருந்தாரு. கையை ஆட்டி ஆட்டிப் பேசிட்டிருந்தாருங்க. புகைக்குழாய் எந்தப் பக்கம் கரி கக்கும், மணல் பெட்டி மூடி எங்க ஒழுகும், ஏறி இறங்கற படியில நடுப்படி மட்டும் ஏன் தேயும், ராத்திரி வண்டியில எந்தச் சன்னல்ல முழங்கையை வைப்பாங்க, அங்க பெயிண்டு எப்படிப் போகும். என்கிட்டப் பதினோரு வருசத்துல பேசாததைப் பத்து நிமிசத்துல பேசினாரு. பாய் ஒண்ணும் பேசலை. இடையில ‘அப்புறம்?’னு கேட்டாரு, அவ்வளவுதான்.

என்னைப் பாத்ததும் திரவியம் நிறுத்திட்டாரு. பாய் எந்திரிச்சு ஸ்டூலைத் துடைச்சுப் போட்டாரு. எஞ்சினைப் பாத்தேன். கருஞ்சிவப்பு, நடுவுல க்ரீம் பட்டை. நம்பரை ஒத்தை மயிர் பிரஷ்ல கையாலயே எழுதியிருந்தாரு. திரவியம் கடைசி ஆறு வருசம் ஓட்டின எஞ்சினோட நம்பர். நான் நம்பருக்கு ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டறவன். குறை ஒண்ணும் கண்ணுக்குப் படலை. பெயிண்டு மங்கலா இருக்கேன்னு சொன்னேன். இனிமேத்தான் அழுக்கு போடணும் சார்னாரு. அழுக்கை ரெண்டு பேரும் ஏதோ சீர்வரிசை மாதிரிப் பேசிக்கிட்டாங்க.

கறிவேப்பிலை வாங்காமயே வீட்டுக்கு வந்துட்டேன். 

எங்க ஊர்ல இந்த மாதிரி சின்ன ரயில் செய்யறவங்க பதினாலு பேரு இருக்கோம். வருசா வருசம் தை மாசம் ஒரு கல்யாண மண்டபத்துல எல்லாரும் கொண்டாந்து வைப்போம். ஊர்ச்சனம் வந்து பாக்கும். நல்ல மாடலுக்கு ஒரு கேடயம். எது நல்லதுன்னு சொல்றது திரவியம்தான், ஏன்னா எங்களுக்குத் தெரிஞ்ச நிஜ ட்ரைவர் அவரு ஒருத்தர்தான். நாலு வருசமா எனக்குத்தான் குடுத்தாரு. சிநேகிதத்துக்காகக் குடுக்கலீங்க. என் வேலை அப்படி.

அந்த வருசம் சனிக்கிழமை சாயங்காலமே மேசை எல்லாம் போட்டு மாடலை அடுக்கிட்டோம். சாவி என்கிட்டத்தான். பாய் ஒரு அட்டைப்பெட்டியில பஞ்சு வச்சுக் கொண்டாந்து, எஞ்சினை எடுத்து வச்சாரு.

எனக்கு அது பிடிக்கலீங்க. பிடிக்கலைன்னா, பாத்துட்டே நின்னேன். எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியலை. கூரை மேல கரி. கரின்னா கறுப்பில்லை, கறுப்புக்குள்ள ஒரு சாம்பல், அதுக்குள்ள கொஞ்சம் நீலம். காத்துவாங்கற சன்னல் கம்பி ஒவ்வொண்ணுக்கும் இடையில எண்ணெய் இறங்கி, கீழ வரவரத் தூசியோட சேந்து மண்ணாகி நிக்குது. சக்கரத்துப் பக்கம் பிரேக் தேஞ்ச துரு. ட்ரைவர் சன்னலுக்குக் கீழ முழங்கை பட்டுப்பட்டுச் சிவப்புப் போயி, அடியில இருக்கற சாம்பல் தெரியுது, ஒரு உளுந்து அளவு கூட இருக்காது, அதுக்கும் ஓரத்துல வேர்வைக் கறை. அந்த எஞ்சின் ஒரு சாண் நீளம்னு மறந்துடும். அது எங்கிருந்தோ வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல என்னுது. என்னுது புதுசா இருந்துச்சு.

அப்புறந்தான் ஒரு தப்பைக் கண்டுபிடிச்சேன். எனக்கு உசுரே வந்துச்சுன்னு வச்சுக்குங்க. மூஞ்சியில இடது பக்கம், பெட்டியோட இடிக்கற வட்டத்தட்டு இருக்குமே, பஃபர், அதுக்குக் கீழ ஒரு இடத்துல அழுக்கே இல்லை. சுத்தியும் மண்ணு, நடுவுல வெளுத்துப்போன சிவப்பு, தண்ணி வழிஞ்ச மாதிரி நாலு கோடு. பாய், இங்க விட்டுட்டீங்களேன்னேன். விடலை சார், அது அப்படித்தான்னாரு. ஏன் அப்படின்னு கேட்டேன். 

“அது ட்ரைவர் சார் என்கிட்டச் சொன்னது. அவருதான் உங்களுக்குச் சொல்லணும்.”

மரியாதையாத்தான் சொன்னாரு. அதுதான் எனக்கு ஆகலை. ஆறு மாசத்துக்கு முன்னாடி வந்த ஆளுங்க. எனக்கும் திரவியத்துக்கும் நடுவுல, சொல்லலாம் சொல்லக்கூடாதுன்னு இவரு வேலி கட்டறாரு. போறப்ப இன்னொண்ணும் சொன்னாரு. தூளெல்லாம் மேலாப்பலதான் ஒட்டியிருக்கு சார், மேல வார்னிஷ் அடிச்சா உசிரு போயிடும்னு அடிக்கலை, யாரும் கை வைக்காமப் பாத்துக்குங்கன்னு. என்கிட்டத்தான் சொல்லிட்டுப் போனாரு.

மறுநாள் காலையில எட்டு மணிக்கு நான்தான் மண்டபத்தைத் திறந்தேன். என் வேலை அது. கூட்டம் பத்து மணிக்கு. தண்டவாளம் துடைக்க ஸ்பிரிட்டு பாட்டில் ஒண்ணு எப்பவும் பையில இருக்கும். கைக்குட்டையில கொஞ்சம் விட்டு என் தண்டவாளத்தைத் துடைச்சேன். அப்புறம் பாயோட எஞ்சினைப் பாத்தேன். முன்கண்ணாடி மங்கலா இருந்துச்சு. கண்ணாடியை மட்டும் துடைச்சு விடலாம்னு பட்டுது. உதவிதானே. துடைச்சேன். கண்ணாடி பளிச்சுன்னு ஆயிடுச்சு. ஆனா பக்கத்துல இருந்தது கலைஞ்சிடுச்சு. அதைச் சரி பண்ணலாம்னு அதையும் துடைச்சேன். அப்படியே போயிட்டே இருந்துச்சுங்க கை. முழங்கை பட்ட இடம், எண்ணெய், துரு. பஃபருக்குக் கீழ அந்த வெளுத்த இடத்தையும் சுத்தியிருந்த மண்ணையும் சேத்துத் துடைச்சு ஒண்ணாக்கினேன். இடது பக்கம் பூராவும் சிவப்பு வந்துடுச்சு. நாலு நிமிசம் ஆகியிருக்கும். அப்புறம் வாட்ச்மேன் இருமின சத்தம் கேட்டுச்சு, கைக்குட்டையை மடிச்சுப் பைக்குள்ள வச்சுட்டேன்.

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். கண்ணாடியைத் துடைக்கத்தான் ஆரம்பிச்சேன். அது நிஜம்.

பத்தரைக்குத் திரவியம் வந்தாரு. வெள்ளைச் சட்டை, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போட்டுட்டுப் போனது. நேரா அந்த எஞ்சின்கிட்டத்தான் போனாரு. வலது பக்கம்தான் அவருக்கு மொதல்ல தெரிஞ்சுது. குனிஞ்சாரு. கைவிரலை நீட்டி, தொடாம, ஒரு அங்குலம் தள்ளி அதோட கூடவே கொண்டு போனாரு, மாட்டைத் தடவற மாதிரி. கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவருக்கு. சட்டைப்பையைத் தடவினாரு, கைக்குட்டை இல்லை. நான் பக்கத்துலயே நின்னேன். பழக்கம்ங்க. பதினோரு வருசச் சிநேகிதம். யோசிக்காம என் பையில இருந்து எடுத்து நீட்டிட்டேன்.

நீட்டினதுக்கப்புறந்தான் எனக்குத் தெரிஞ்சுது.

அவரு மடிப்பைப் பிரிச்சாரு. வெள்ளைக் கைக்குட்டை. அதுல கரி, துரு, எண்ணெய்க் கறுப்பு, எல்லாம் இழுத்து இழுத்து. பாத்தாரு. மூக்குல ஸ்பிரிட்டு வாசமும் ஏறியிருக்கும். என்னை நிமிந்து பாக்கலை. அதைத் திருப்பியும் குடுக்கலை. அதாலேயே கண்ணைத் துடைச்சாரு. ரெண்டு கண்ணையும். அப்புறம் மேசையைச் சுத்தி அந்தப் பக்கம் போயி இடது பக்கத்தைப் பாத்தாரு.

அதே நேரம் பாயும் வந்துட்டாரு. அவரும் பாத்தாரு. எஞ்சினைப் பாத்துட்டு என்னைப் பாத்தாரு, அப்புறம் திரவியத்தோட மூஞ்சியப் பாத்தாரு. கண்ணுக்குக் கீழ ரெண்டு பக்கமும் கரி. நாலஞ்சு பேரு வேற நின்னாங்க. ஒருத்தர், என்ன பாய் இந்தப் பக்கம் சும்மா விட்டிருக்கீங்கன்னு கேட்டாரு.

“நேரம் பத்தலீங்க. ஒரு பக்கம்தான் முடிக்க முடிஞ்சுது”ன்னாரு.

எனக்காகப் பொய் சொல்றாரு. யாரு கேட்டா? என்னைக் காப்பாத்துங்கன்னு நான் கேட்டேனா? அவரு சத்தம் போட்டிருந்தா நானும் ரெண்டு போட்டிருப்பேன், சரியாப் போயிருக்கும். அந்த மனுசன் எனக்கு அதுக்குக்கூட எடம் குடுக்கலை.

சாயங்காலம் கேடயம். திரவியம் மைக்கைப் பிடிச்சு, ஒரே வரியில, என் பேரைச் சொன்னாரு. முடிச்ச மாடல்ல இதுதான் நல்லதுன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. பாய்தான் மொதல்ல தட்டினாரு. நான் போயி வாங்கினேன். திரவியம் என் கையில குடுக்கறப்ப அந்தக் கரி இன்னும் கண்ணுக்குக் கீழயே இருந்துச்சு. காலையில இருந்து அப்படியே சுத்தியிருக்காரு. யாரும் சொல்லலை போல.

திங்கக்கிழமை அஞ்சு மணிக்கு அவரு வரலை. செவ்வாய், புதன், வியாழன். மயிலாத்தா தினமும் மூணு டம்ளர் எடுத்து வச்சா. நாலாம் நாளு, என்ன பண்ணினீங்கன்னு மட்டும் கேட்டா. ஒண்ணும் பண்ணலைன்னேன். பொறாமைன்னு அவ சொன்னது அப்பத்தான். சொல்லிட்டு மூணாவது டம்ளரை அலமாரியில கவுத்து வச்சுட்டா.

வெள்ளிக்கிழமை நான் அந்தச் சந்துக்குப் போனேன். கறிவேப்பிலைன்னு சொல்லலை, சும்மாத்தான் போனேன். மதியம் மூணு மணி. ரெண்டு பேரும் உள்ள இருந்தாங்க. எஞ்சின் மேசை மேல, இடது பக்கம் தெரியற மாதிரி. நான் வாசல்லயே நின்னேன். உள்ள போக வரலை, திரும்பிப் போகவும் வரலை. திரவியம் தலையைத் தூக்காமயே கூப்பிட்டாரு.

“வாரும் சபாபதி. உள்ள வந்து உக்காரும்.”

அவரு ஊர்ப் பேச்சு அப்படி. பாய் எந்திரிச்சு ஸ்டூலைத் துடைச்சுப் போட்டாரு. அன்னைக்குப் போட்ட அதே மாதிரி. உக்காந்தேன். மன்னிப்பு கேக்கணும்னுதான் வந்திருக்கேன்னு நீங்க நெனப்பீங்க. வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா வெளிய வந்தது வேற. அந்தப் பஃபருக்குக் கீழ என்னன்னு கேட்டேன். பாய்க்குச் சொன்னதை எனக்கு ஏன் சொல்லலைன்னு கேட்டேன்.

திரவியம் எஞ்சினைப் பாத்துட்டே சொன்னாரு. பதினஞ்சு வருசம் இருக்குமாம். இந்த நம்பர் எஞ்சின்தான், ஈரோட்டுல இருந்து இங்க வர்ற பாசஞ்சர். ஒரு வளைவுல ஒரு ஆள் சைக்கிளைத் தூக்கிட்டு லைனைத் தாண்டறாரு. ஹாரன் அடிச்சிருக்காரு, அடிச்சுட்டே இருந்திருக்காரு. அந்த ஆள் திரும்பவே இல்லை. காது கேக்காதுன்னு அப்புறம் சொன்னாங்களாம். பிரேக்கு போட்டு வண்டி நிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடுச்சு. எழுத வேண்டியதை எழுதிக் குடுத்து வண்டியை எடுத்திருக்காரு. போத்தனூர் ஸ்டேஷன்ல அந்த வண்டிக்குச் சம்சாரம் எஸ்தர் சோத்துக் கேரியரோட நிப்பாங்க. நேரா எஞ்சின் மூஞ்சிகிட்ட வந்துதான் குடுப்பாங்க. அவங்க அந்தக் கறையைப் பாத்துடக் கூடாது. இதுக்கு முந்தின ஸ்டேஷன்ல வண்டி நின்னப்ப, உதவி ட்ரைவரைக்கூட இறங்க விடாம, தானே ஒரு பக்கெட்டுத் தண்ணியை எடுத்துக்கிட்டுப் போயி அந்த இடத்தைக் கழுவியிருக்காரு. கையாலேயே. அழுக்கு எஞ்சின்ல அந்த இடம் மட்டும் வெளுத்துப் போச்சு.

எஸ்தர் வந்து கேரியரைக் குடுத்தாங்களாம். குடுத்துட்டு, இங்க மட்டும் என்ன சுத்தமா இருக்குன்னு கேட்டாங்களாம். மழைன்னு சொல்லியிருக்காரு. சித்திரை மாசம், வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லை. அவங்க மேல கேக்கலை. ஈரமா இருந்த அவரு கையைப் புடிச்சு, முந்தானையால துடைச்சு விட்டுட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் சாகற வரைக்கும் அவங்களும் கேக்கலை, இவரும் சொல்லலை.

 எனக்கு அப்பவும் ஆறலீங்க. பதினோரு வருசம் என் வீட்டுல உக்காந்திருந்தீங்களே திரவியம், ஒரு நாள் சொல்லியிருக்கலாமேன்னேன்.

“எதைப் பாத்துச் சொல்ல? உம்ம எஞ்சின்ல அதுக்கு எடம் இல்லியே வே.”

கோவமாச் சொல்லலை. பல்லு போன கதையைச் சொல்ற மாதிரிச் சொன்னாரு.  பெயிண்டைப் பத்திக் கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன்.

பாய் ஒரு சின்னக் கிண்ணத்துல மண்ணு கலர்த் தூளும் ஸ்பிரிட்டும் கரைச்சாரு. இடது பக்கத்தை முந்தின நாளே முடிச்சுட்டாரு. பஃபருக்குக் கீழ மட்டும் பாக்கி. பிரஷை எடுத்து என் பக்கம் நீட்டினாரு. தண்ணி வழிஞ்ச கோடு சார், நீங்க போடுங்கன்னாரு. என்னைச் சோதிக்கறாரோன்னு பாத்தேன். இல்லை, அந்த மூஞ்சியில ஒண்ணும் இல்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

போட்டேன். என் கை எப்படின்னுதான் சொன்னேனே. ஸ்கேல் வச்ச மாதிரி நேரா இறங்குச்சு. தண்ணி அப்படி வழியாதுல்ல சார்னாரு பாய். துடைச்சுட்டு மறுபடியும் போட்டேன். அதுவும் நேரா. மூணாவது தடவையும் நேரா. முப்பத்தி நாலு வருசம் கோணாம இருக்கப் பழக்கின கைங்க, கோணுன்னா எங்க கோணும்?  பிரஷைக் கீழ வச்சுடலாம்னு பாத்தேன். திரவியம் எந்திரிச்சு வந்து என் பின்னாடி நின்னாரு. என் மணிக்கட்டைப் புடிச்சாரு. கெட்டியான கை. ட்ரைவர் கை. பிரஷ் எஞ்சினைத் தொட்டதும் லேசா உலுக்கினாரு. கோடு நடுங்கி, பாதியில நின்னு, பக்கமாப் பிரிஞ்சு, கீழ இறங்கிச்சு. அப்படியே நாலு கோடு. நாலுக்கும் அவரு கை என் கை மேலதான் இருந்துச்சு.

போதும்னாரு. போயி உக்காந்துட்டாரு. பாய் பூதக்கண்ணாடி வச்சுப் பாத்துட்டு, இது என்னுதை விட நல்லா இருக்குன்னாரு. சும்மா சொன்னாரா நிஜமாச் சொன்னாரான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. மன்னிப்பு நான் கேக்கவே இல்லை. அவங்களும் அதைப் பத்திப் பேசவே இல்லை.

இப்பத் திரவியம் மறுபடியும் அஞ்சு மணிக்கு வர்றாரு. திங்கள், புதன், வெள்ளி. மத்த நாள்ல நான் அந்தக் கடைக்குப் போறேன், அவரு அங்க இருப்பாரு. என் பதினொண்ணுல ஒண்ணை எடுத்து அழுக்காக்க ஆரம்பிச்சிருக்கேன், அதுக்குத்தான் இங்க வந்து பாத்துட்டிருந்தேன். சன்னல் கம்பி வரைக்கும் வந்திருக்கு. நல்லா இல்லைன்னு எனக்கே தெரியுது. திரவியம் நல்லா வருதுன்னு சொல்றாரு.

மயிலாத்தாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், ஒண்ணைத் தவிர. உங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க இந்த ஊரே இல்லை. அன்னைக்கு அவரு அந்தக் கதையைச் சொன்னாரில்லையா, எஞ்சினைப் பாத்துட்டே சொன்னாருன்னு சொன்னேன். முழுசும் அப்படி இல்லை. எஸ்தர் முந்தானையால கையைத் துடைச்சு விட்டாங்கன்னு சொல்றப்ப ஒரு தடவை தலையைத் தூக்கினாரு. நான் இந்தப் பக்கம் உக்காந்திருக்கேன், பாய் அந்தப் பக்கம் உக்காந்திருக்காரு. அவரு பாயைப் பாத்தாருங்க.